எங்கள் கவுண்டிக்கு வரும் விவசாய மானியம் யார் கைக்குப் போகிறது?

தங்கராசு_அயோவா:

வணக்கம். அமெரிக்காவில் வடமேற்கு அயோவா மாநிலத்தில் ஒரு சின்னக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) குடியிருக்கிறேன், இங்குள்ள மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் அக்கம்பக்கத்தில் விதைப்பு, அறுவடை என்று பேச்சு வந்தாலே காது அங்கே போய்விடும். சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும்தான், நடுநடுவே பன்றிக் கொட்டகைகள்.

என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 1995இலிருந்து எந்தக் கவுண்டிக்கு எவ்வளவு மானியம் போனது, யார் பெயரில் எவ்வளவு போனது என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. அதில் எங்கள் கவுண்டியைத் திறந்து ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

பணம் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் இந்த ஊரிலேயே இல்லை. பீனிக்ஸ், மினியாபொலிஸ், சிகாகோ என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் விடியற்காலையில் டிராக்டரோடு நிற்கிறாரே, அவர் பெயரில் சில வருஷம் கொஞ்சமாக இருக்கிறது, சில வருஷம் எகிறுகிறது. அவருக்கு நல்ல வருஷம் எது, கெட்ட வருஷம் எது என்று எனக்குத் தெரிந்தவரை பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 2019, 2020 இரண்டிலும் எல்லாருக்கும் தொகை மேலே போயிருக்கிறது, அது வேறு ஏன் என்று புரியவில்லை.

இன்னொன்று மனதை அரிக்கிறது. இத்தனை வருஷமாக இவ்வளவு பணம் வந்த ஊரில் உயர்நிலைப் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள், கடைத்தெருவில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கிறது. வந்த பணம் எங்கே தங்குகிறது? எந்தக் கணக்கில் கொடுக்கிறார்கள், யார் முடிவு செய்கிறார்கள், கஷ்டப்படுகிறவனுக்கு ஏன் முதலில் போவதில்லை? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள்.

மைதிலி_கணக்கர்:

தங்கராசு சார், நெப்ராஸ்காவில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் இருக்கிறேன். விவசாயிகள் மார்ச் 1க்குள் வரிக்கணக்கைத் தாக்கல் செய்து வரியையும் கட்டிவிட்டால் தவணை வரி கட்டத் தேவையில்லை என்று ஒரு விதி உண்டு. அதனால் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் என் மேசையில் அவர்களுடைய காகிதம்தான். தானியக் கிடங்கின் எடைச்சீட்டுகள், விதைக்கடை ரசீதுகள், அதற்கு நடுவே அரசு அனுப்பிய 1099-ஜி படிவம். அந்த வருஷம் வந்த மானியம் முழுவதும் அந்த ஒரு தாளில் இருக்கும். அதை வைத்தே சொல்கிறேன்.

மானியம் என்று ஒரே பேரில் சொன்னாலும் உள்ளே நாலைந்து தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன. கவுண்டி தோறும் இருக்கும் எஃப்.எஸ்.ஏ. அலுவலகம், அதாவது வேளாண் துறையின் பண்ணைச் சேவை அலுவலகம், இவற்றில் பெரும்பாலானவற்றைப் பட்டுவாடா செய்கிறது. தொகையை அவர்கள் நிர்ணயிப்பதில்லை. நாடாளுமன்றம் போட்ட சூத்திரம்தான் நிர்ணயிக்கிறது. அந்தச் சூத்திரத்தில் கஷ்டம் என்ற கட்டமே கிடையாது, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பாதி பதில் அதுதான்.

பெரிய திட்டங்கள் இரண்டு, பி.எல்.சி. (விலை இழப்புக்கு ஈடு), ஏ.ஆர்.சி. (வருமான இழப்புக்கு ஈடு). இரண்டும் 2014 பண்ணைச் சட்டத்தில், அதாவது விவசாயத்துக்கென்று சில வருஷத்துக்கு ஒருமுறை போடும் சட்டத்தில், வந்தவை. பி.எல்.சி. விலையைப் பார்க்கும். மக்காச்சோளத்துக்கு ஒரு புஷலுக்கு (இங்கே தானியம் அளக்கும் அளவு) 3.70 டாலர் என்று அடிப்படை விலை வைத்திருந்தார்கள், 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை 4.10 ஆக்கியது. சோயாவுக்கு 8.40 இருந்தது, 10 ஆனது. நாடு முழுவதுமான சராசரிச் சந்தை விலை இதற்குக் கீழே போனால் வித்தியாசத்தைக் கொடுப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரி விலை 3.80 என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 30 சென்ட். ஒருவருக்குப் பதிவில் 400 பேஸ் ஏக்கர், ஏக்கருக்கு 150 புஷல் மகசூல் என்று இருந்தால், அந்த ஏக்கரில் 85 சதவீதத்துக்குத்தான் பணம் என்பதால், 15,300 டாலர் வரும்.

அந்த பேஸ் ஏக்கர்தான் விஷயமே. இந்த வருஷம் நிலத்தில் என்ன விதைத்திருக்கிறது என்பதை அது பார்க்காது. முன்னொரு காலத்தில் என்ன விதைத்தார்கள் என்ற பதிவு அது. 2002 சட்டத்தில் 1998 முதல் 2001 வரை விதைத்ததை வைத்துப் பதிவைப் புதுப்பிக்க விட்டார்கள், 2014இல் 2009 முதல் 2012 வரை விதைத்ததை வைத்துப் பயிர்களுக்குள் மாற்றிக்கொள்ள விட்டார்கள். இன்று அந்த நிலம் முழுக்க சோயாவாக இருந்தாலும் பதிவில் மக்காச்சோளம் என்றால் மக்காச்சோள விலைக்குத்தான் மானியம். நிலத்தை விற்றால் பதிவும் நிலத்தோடேயே போகும். உழுகிறவர் மாறலாம், பதிவு மாறாது.

ஏ.ஆர்.சி.யில் உங்கள் கவுண்டியே கணக்கு. கவுண்டியின் சராசரி மகசூலையும் நாட்டு விலையையும் பெருக்கி, முந்தைய ஐந்து வருஷத்தில் உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு வரும் சராசரியோடு ஒப்பிடுவார்கள். வருமானம் அதில் 86 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பணம் உண்டு, 2025 சட்டத்தில் அது 90 ஆகிவிட்டது. இதில் ஒரு கொடுமை இருக்கிறது. உங்கள் ஒருவர் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை கொட்டி எல்லாம் போய், கவுண்டி முழுவதும் நல்ல விளைச்சல் என்றால் ஏ.ஆர்.சி.யில் உங்களுக்கு ஒரு சென்ட் வராது. கவுண்டி காய்ந்து, உங்கள் வயல் மட்டும் தப்பித்தால் வரும். கவுண்டி எல்லைச் சாலைக்கு இந்தப் பக்கம் பணம் வரும், அந்தப் பக்கம் வராது, நானே இரண்டு பக்கத்துக் கணக்கையும் போட்டிருக்கிறேன்.

அப்புறம் காலம். மக்காச்சோளத்தின் விற்பனை ஆண்டு செப்டம்பரில் தொடங்கி மறு ஆகஸ்டில் முடிகிறது. அது முடிந்து சராசரி விலை தெரிந்த பிறகு அக்டோபரில்தான் பட்டுவாடா. 2024 இலையுதிர் காலத்தில் அறுத்த பயிருக்கு 2025 அக்டோபரில் பணம். அதனால்தான் நல்ல வருஷத்தில் பணம் வந்த மாதிரியும் மோசமான வருஷத்தில் கைவிட்ட மாதிரியும் உங்களுக்குத் தெரிகிறது.

2019, 2020 தனிக்கதை. சீனாவோடு வர்த்தகச் சண்டை வந்து சோயா ஏற்றுமதி விழுந்ததும் 2018இல் ஒரு நிவாரணம் கொடுத்தார்கள், சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட். மக்காச்சோளக்காரர்கள் கொதித்துப்போனார்கள். 2019இல் முறையை மாற்றி, கவுண்டிக்கு ஒரே விகிதம், ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை என்று வைத்தார்கள். 2020இல் கொரோனா நிவாரணம் அதன் மேல் சேர்ந்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நாடு முழுவதும் விவசாயிகளுக்கு நேரடியாகப் போனது சுமார் 4,600 கோடி டாலர், அதுவரை இல்லாத அளவு.

வெளியூர் விலாசங்களுக்கு இரண்டு காரணம். நிலத்தை வாரத்துக்கு விட்டிருந்தால் விளைச்சலில் பங்கு இருப்பது போல மானியத்திலும் சொந்தக்காரருக்குப் பங்கு உண்டு. இரண்டாவது சி.ஆர்.பி. என்ற நிலப் பாதுகாப்புத் திட்டம், 1985இல் வந்தது. மண் அரிக்கிற நிலத்தில் பயிர் வைக்காமல் புல்லோ மரமோ வளர விட்டால் 10 முதல் 15 வருஷ ஒப்பந்தம் போட்டு வருஷா வருஷம் வாடகை தருவார்கள். அதற்கு உழ ஆள் வேண்டாம். அப்பா போன பிறகு நிலத்தைப் பங்கு பிரித்துக்கொண்ட பிள்ளைகள் எந்த நகரத்தில் இருந்தாலும் பணம் அங்கே போகும். சி.ஆர்.பி.யில் ஒரு கவுண்டியின் சாகுபடி நிலத்தில் பொதுவாகக் கால் பங்குக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். விதைக்கடை, உரக்கடை, தானியக் கிடங்கு எல்லாம் படுத்துவிடும் என்ற பயம்தான்.

தங்கராசு_அயோவா:

மைதிலி மேடம், ரொம்ப நன்றி. அந்த அக்டோபர் விஷயம் ஒன்றே பாதிக் குழப்பத்தைத் தீர்த்தது. ஒன்று மட்டும் சொல்லுங்கள், இங்கே வாரத்தை விட ரொக்கக் குத்தகைதான் அதிகம் என்று நினைக்கிறேன். ரொக்கக் குத்தகையில் மானியம் யாருக்கு?

மைதிலி_கணக்கர்:

சட்டப்படி முழுக்கக் குத்தகைக்காரருக்குத்தான். விளைச்சல் அபாயத்தைத் தூக்குகிறவர் யாரோ அவருக்கு. ஆனால் மறு வருஷம் குத்தகை பேசும்போது என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகச் சொல்ல இங்கே ஆள் இருப்பார்கள்.

பொன்வயல்:

இல்லினாயில் வேளாண் பொருளாதாரம் படித்தவன், இதே விஷயத்தில்தான் வேலை. குத்தகைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

நிலத்தின் பதிவேட்டில் எத்தனை பேஸ் ஏக்கர், அதற்கு என்ன வரும் என்று ஊருக்கே தெரியும். ஆக அந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்க வரும் ஒவ்வொருவரும் மானியத்தையும் மனதில் வைத்தேதான் தொகை சொல்வார்கள். பாரெட் கிர்வன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2009இல் இதை அளந்து வெளியிட்டார். ஒரு டாலர் மானியத்தில் கால் பங்கு அளவுக்கு வாடகை உயர்வாக நிலச்சொந்தக்காரரிடம் போய்விடுகிறது, மீதி குத்தகைக்காரரிடம் நிற்கிறது என்பது அவர் முடிவு. கால் பங்குதானே என்று தோன்றும். ஆனால் மீதி முக்கால் பங்கும் யாரிடம் அதிகம் சேர்கிறது? அதிக ஏக்கர் வைத்திருப்பவரிடம். அவர் அந்தப் பணத்தை வைத்து அடுத்து ஏலத்துக்கு வரும் நிலத்துக்குக் கூடுதலாகக் கேட்கிறார். பக்கத்தில் புதிதாகத் தொடங்க நினைக்கும் இருபத்தைந்து வயதுப் பையன் அந்த விலைக்கு நிற்க முடியாமல் விலகிப்போகிறான்.

இப்போது உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், தங்கராசு. மானியம் ஏக்கருக்கு வருகிறதே தவிர ஆளுக்கு வருவதில்லை. ஒரு கவுண்டியில் அதே ஏக்கரை நானூறு குடும்பம் உழுதாலும் நாற்பது குடும்பம் உழுதாலும் கவுண்டிக்கு வரும் தொகை ஏறக்குறைய அதேதான். கடைக்குப் போகிற ஆள், பள்ளிக்குப் போகிற பிள்ளை, தேவாலயத்தில் உட்காருகிற குடும்பம் இவையெல்லாம் குடும்பத்தின் எண்ணிக்கையைப் பொறுத்தவை. உங்கள் மாநிலத்திலேயே அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் நில உடைமையைக் கணக்கெடுத்து வருகிறது. நிலத்தில் பாதிக்கு மேல் 65 வயது தாண்டியவர்களிடம் இருக்கிறது, ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடன் இல்லாத நிலம். இவர்களைக் குறை சொல்லவில்லை, உழைத்து வாங்கியவர்கள்தான் நிறைய. ஆனால் நில மதிப்பைத் தூக்கி நிறுத்துகிற எந்தத் திட்டமும் ஏற்கெனவே நிலம் உள்ளவருக்குத்தான் பெரிதாக உதவும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உச்சவரம்பு இருக்கிறது என்பார்கள். ஆளுக்கு வருஷத்துக்கு 1,25,000 டாலர் என்று இருந்தது, 2025 சட்டம் 1,55,000 ஆக்கியது. மூன்று வருஷச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பொதுவாகக் கிடையாது. கணவனும் மனைவியும் தனித்தனியாக வாங்கலாம். பங்குதாரர் நிறுவனம் என்றால் ஒவ்வொரு பங்குதாரருக்கும் தனித்தனி வரம்பு, 2018 சட்டம் ஒன்றுவிட்ட சகோதரர், அண்ணன் தம்பி அக்கா தங்கை பிள்ளைகள் வரை குடும்பத்தில் சேர்த்துக்கொண்டது, 2025 சட்டம் எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) என்று பதிவான நிறுவனங்களுக்கும் இதே வழியைத் திறந்துவிட்டது. இவ்வளவு வாசல் வைத்துவிட்டு அதற்கு வரம்பு என்று பேர் வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ரோஸ்லின்_கன்சாஸ்:

பொன்வயல் சார் சொல்வது புள்ளிவிவரத்தில் சரியாக இருக்கலாம், ஆனால் நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். என் கணவர் வீட்டார் மேற்குக் கன்சாஸில் கோதுமையும் சோளமும் போடுகிறார்கள், நான் அந்தப் பண்ணையின் கணக்கு பார்க்கிறேன்.

எங்கள் பக்கம் மழை நம்பிக்கைக்குரியது இல்லை. ஒரு வருஷம் ஏக்கருக்கு ஐம்பது புஷல் கோதுமை வரும், அடுத்த வருஷம் பதினைந்து. பிப்ரவரியில் வங்கிக்குப் போய் அந்த வருஷச் சாகுபடிக் கடனுக்கு உட்காருவோம். விதை, உரம், டீசல், ரிப்பேர் எல்லாம் அந்தக் கடனில்தான். நிலத்துப் பட்டாவுக்கு முன்னால் வங்கிக்காரர் கேட்பது பயிர் காப்பீட்டுத் தாளைத்தான். எந்த மட்டத்துக்குக் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள், மோசமாகப் போனால் ஏக்கருக்கு எவ்வளவு உறுதி, அந்த எண்ணை ஏக்கரால் பெருக்கி எழுதிக்கொண்டு பிறகுதான் பேச்சே தொடங்கும். காப்பீடு இல்லை என்றால் கடன் இல்லை, கடன் இல்லை என்றால் விதைப்பு இல்லை. ஜூனில், அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆலங்கட்டி விழுந்து கதிரெல்லாம் தரையோடு கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மானியம் பெரியவர்களுக்குத்தான் என்று ஒரே அடியாகச் சொல்லாதீர்கள். எங்களை மாதிரி நடுத்தரப் பண்ணைகள்தான் இது இல்லாவிட்டால் முதலில் விழும். நாங்கள் விழுந்தால் அந்த நிலத்தை வாங்க வருகிறவர் எங்களைவிடப் பெரியவராகத்தான் இருப்பார், அப்போது உங்கள் கவுண்டியில் பள்ளிப் பிள்ளைகள் இன்னும் குறைவார்கள். விலை எங்கள் கையில் இல்லை, மழையும் இல்லை, வர்த்தகச் சண்டையை நாங்கள் தொடங்கவும் இல்லை.

பொன்வயல்:

ரோஸ்லின் மேடம், பயிர் காப்பீடு வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். வங்கியில் நடப்பதாக நீங்கள் எழுதியது அப்படியே உண்மை. இருந்தாலும் படிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பிரீமியத்தில் சராசரியாக அறுபது சதவீதத்துக்கு மேல் அரசு கட்டுகிறது. அதற்கு ஆள் வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. ஐம்பதாயிரம் ஏக்கர் உழுதாலும் அதே சதவீத உதவி. பெயர் வாரியான விவரத்தை வெளியிடக் கூடாது என்று சட்டத்திலேயே தடை இருப்பதால், தங்கராசு பார்த்த பட்டியலில் இது யார் பெயரிலும் வராது. ஒரு குறிப்பிட்ட அளவு வரை முழு உதவி, அதற்கு மேல் படிப்படியாகக் குறைவு என்று வைத்தால் உங்களை மாதிரிப் பண்ணைக்கு ஒன்றும் குறையாது.

ரோஸ்லின்_கன்சாஸ்:

அப்படி வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த அளவை வாஷிங்டனில் உட்கார்ந்து ஏக்கர் கணக்கில் வைக்காதீர்கள். எங்கள் ஊரில் இரண்டாயிரம் ஏக்கர் என்பது ஒரு சாதாரணக் குடும்பம், அயோவா மண்ணில் அது பெரும்பண்ணை.

சாமி_டெல்டா:

நான் இருப்பது மிசிசிப்பியில். யார் முடிவு செய்கிறார்கள் என்று தங்கராசு கேட்ட கேள்வி முக்கியமானது, அது பாதியில் நின்றுவிட்டது.

தொகையைச் சூத்திரம் போடுகிறது, சரி. ஆனால் ஒவ்வொரு கவுண்டி அலுவலகத்துக்கும் விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று உண்டு. 3 முதல் 11 பேர் வரை, மூன்று வருஷப் பதவி. பேரிடர் உதவி, தகுதி குறித்த தகராறு, மேல்முறையீடு மாதிரியானவை அவர்கள் முன்னால் வரும். முன்பு கடன் விஷயத்திலும் உள்ளூர்க் குழுக்களுக்குப் பெரிய அதிகாரம் இருந்தது. தெற்கே அந்தக் குழுக்களில் கறுப்பின விவசாயிகள் அநேகமாக இருந்ததே இல்லை. விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு விதைப்பு முடிந்த பிறகு கடன் கொடுப்பது, கொடுத்த கடனையும் ஒவ்வொரு செலவுக்கும் அதிகாரியின் கையெழுத்து வாங்கித்தான் எடுக்க வேண்டும் என்று வைப்பது, இப்படியெல்லாம் நடந்ததாகச் சொல்லித்தான் கறுப்பின விவசாயிகள் வேளாண் துறை மேல் 1997இல் பிக்ஃபோர்ட் வழக்கைத் தொடுத்தார்கள். 1999இல் சமரசம் ஆனது, பெரும்பாலானவர்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர். தாமதமாக வந்தவர்களுக்காக 2010இல் இன்னொரு சமரசம், 125 கோடி டாலர். 1920இல் ஒன்பது லட்சத்துக்கு மேல் கறுப்பின விவசாயிகள் இருந்த நாடு இது. இன்று ஐம்பதாயிரம் கூடத் தேறாது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், மானியம் பழைய பதிவின் மேல் நிற்கிறது என்று மைதிலி மேடம் எழுதினார்கள் அல்லவா? அந்தப் பதிவு எழுதப்பட்ட காலத்தில் நிலத்தை இழந்தவர்களுக்கு இன்றைய சூத்திரத்தில் இடமே இல்லை. நிலம் தப்பித்த குடும்பங்களிலும் தாத்தா உயில் எழுதாமல் போய், பேரப்பிள்ளைகள் இருபது பேருக்கும் பொதுவில் நிலம் கிடக்கும். பட்டா தெளிவாக இல்லாவிட்டால் அலுவலகத்தில் பண்ணை எண் கிடைக்காது, பண்ணை எண் இல்லாவிட்டால் எந்தத் திட்டத்திலும் சேர முடியாது. 2018 சட்டத்தில்தான் வேறு ஆவணங்களைக் காட்டியும் எண் வாங்கலாம் என்று வழி விட்டார்கள். எங்கள் ஊரில் இது இன்னும் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

உங்கள் கவுண்டியிலும் குழுத் தேர்தலுக்கு நவம்பரில் வாக்குச்சீட்டு தபாலில் வரும், டிசம்பர் தொடக்கத்தில் திருப்பித் தர வேண்டும். நிறையப் பேர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

புதியவன்_27:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. நான் ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். கொஞ்சம் நிலம் வாங்கிக் குத்தகைக்கு விட்டால் எனக்கும் இது வருமா?

மைதிலி_கணக்கர்:

குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவருக்குப் பெரும்பாலான திட்டங்களில் கிடையாது, நிலத்தோடு சேர்த்து உங்கள் சொந்த உழைப்பையும் கணிசமாகப் போட்டால்தான் விதிவிலக்கு. குத்தகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தால் வராது. அதற்கு முன்னால் வாங்க முடியுமா என்றே பாருங்கள். அயோவாவில் இந்த இரண்டும் இல்லாதவர் விவசாய நிலம் வாங்கச் சட்டத்திலேயே தடை இருக்கிறது, மற்ற மாநிலங்களில் விதி வேறு வேறு. வாங்கினாலும் 90 நாளுக்குள் வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், 1978 சட்டம். தெரிவிக்காவிட்டால் அபராதம் உண்டு. ஒரு வழக்கறிஞரைக் கேட்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

தங்கராசு_அயோவா:

எல்லாருக்கும் நன்றி. ரோஸ்லின் மேடம் சொன்ன வங்கிக் கதையும் சாமி சார் சொன்னதும் எனக்கு முற்றிலும் புதியவை. பொன்வயல் சார் சொன்ன ஏக்கர், ஆள் கணக்கைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். பின்வீட்டு விவசாயியிடம் பேசிப் பார்த்தேன். அவர் உழுவதில் பெரும்பகுதி நாலு குடும்பத்துக்குச் சொந்தமான குத்தகை நிலம், அதில் ஒரு குடும்பம்கூட இந்த மாநிலத்தில் இல்லை. மானியம் அவர் பெயரில்தான் வருகிறது, வந்த வேகத்தில் மார்ச் மாதக் குத்தகைத் தவணைக்குப் போய்விடுகிறது என்றார். மறுபடி பட்டியலைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மைதிலி_கணக்கர்:

நிறுவனப் பெயரில் உள்ள தொகையைப் பார்த்துவிட்டு ஒரே ஆள் வாங்கியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே ஐந்தாறு பங்குதாரர் இருக்கலாம். திட்ட வாரியாகப் பிரித்துப் பாருங்கள். சி.ஆர்.பி. வாடகையைத் தனியே எடுத்துவிட்டால் வெளியூர் விலாசங்களில் நிறையக் குறையும். 2018 முதல் 2020 வரை தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த மூன்று வருஷத்தையும் மற்ற வருஷங்களோடு சேர்த்துச் சராசரி போட்டால் படமே மாறிவிடும். 2025க்கும் தனி நோட்டம் வேண்டும், பழைய அக்டோபர் பட்டுவாடாவோடு மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 42.91 டாலர், சோயாவுக்கு 29.76 என்று ஓர் அவசர நிவாரணமும் அந்த வருஷம் சேர்ந்து வந்தது. அது விதைத்த ஏக்கரை வைத்துக் கொடுத்தது, பேஸ் ஏக்கரை வைத்து அல்ல.

உங்கள் பின்வீட்டுக்காரரிடம் முடிந்தால் இன்னொன்றும் கேளுங்கள். குத்தகையை விலையோடும் மகசூலோடும் சேர்த்து ஏற்றி இறக்கும் ஒப்பந்தமாக மாற்ற அந்த நாலு குடும்பத்தில் யாராவது சம்மதிப்பார்களா என்று. எங்கள் பக்கம் சிலர் அப்படிப் போட்டிருக்கிறார்கள், மோசமான வருஷத்தில் உழுகிறவர் கையில் கொஞ்சமாவது மிஞ்சுகிறது. ஆனால் அப்படிப் போடும்போது அதை எஃப்.எஸ்.ஏ. அலுவலகம் ரொக்கக் குத்தகையாக எடுத்துக்கொள்ளுமா, வாரமாக எடுத்துக்கொள்ளுமா என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிடச் சொல்லுங்கள். வாரம் என்று ஆகிவிட்டால் மானியத்தைப் பங்கு போட வேண்டி வரும்.